அறுபத்தொன்று ஃபர்ஸ்ட் கிளாஸா?

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய அன்று ஒரு கட்டு காகிதம் கொடுத்தார்கள். அம்மா அதில் முதலில் எடுத்துப் பார்த்தது கடைசித் தாளைத்தான். அம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத்தான் வரும், ஆனால் எண்கள் நன்றாகத் தெரியும். "நூத்துக்கு அறுபத்தொண்ணு போட்டிருக்காங்க. அறுபதுக்கு மேலன்னா ஃபர்ஸ்ட் கிளாஸ்தானே?" என்று கேட்டார். 2023 பொங்கலுக்கு மூன்று நாள் இருந்தது. வாசலில் ஆட்டோ நின்றது. தம்பி ஒரு பக்கமும் வார்டு உதவியாளர் ஒரு பக்கமுமாக என்னைத் தூக்கக் கை கோத்துக்கொண்டிருந்தார்கள். நான் "ஆமாம்மா, ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்று சொல்லிவிட்டேன்.

பொய் சொன்னேன் என்று இல்லை. அந்த 61-க்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்கே தெரியாது.

நான் கணக்கு எழுதிப் பிழைத்தவள். ராஜாஜி சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். கன்டெய்னர் வந்த தேதி, டெமரேஜ், லாரி வாடகை, பில், வவுச்சர் என்று எதைப் பார்த்தாலும் கோடு போட்டுக் கட்டம் கட்டி எழுதும் பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டது. 2022 ஆகஸ்டில் எண்ணூர் விரைவுச் சாலையில் ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்து வந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்த டிரெய்லர் லாரி ஒதுங்கியது, நாங்கள் விழுந்தோம். ஓட்டிய தோழிக்கு முழங்கை, எனக்கு முதுகு. தண்டுவடத்தில் டி10 என்கிற இடம், தொப்புள் மட்டம். அதற்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. மருத்துவக் குறிப்பில் அதற்கு 'ஏ' வகை என்று பெயர். பள்ளிக்கூடத்தில் 'ஏ' வாங்கினால் சந்தோஷப்படுவோம்.

அறுவை சிகிச்சை முடிந்து அக்டோபரில் மறுவாழ்வு வார்டுக்கு வந்தேன். முதல் நாளே பிசியோ மேடம் வராந்தாவின் தரையில் ஒரு மஞ்சள் டேப்பைக் காட்டினார். அங்கிருந்து இன்னொரு மஞ்சள் டேப் வரைக்கும் 10 மீட்டர், வீல்சேரைக் கையால் தள்ளிக்கொண்டு நான்கு தூண் தாண்டிப் போக வேண்டும். போனில் ஸ்டாப்வாட்ச்சை அழுத்திவிட்டு "போங்க" என்றார். போனேன். 41 வினாடி ஆனது. 19 முறை தள்ளியிருந்தேன். வினாடியை அவர் குறித்துக்கொண்டார், 19 என்பதை நான் எண்ணினேன். அன்று சாயங்காலம் தம்பியிடம் சொல்லி ஒரு நீள லெட்ஜர் நோட்டு வாங்கிவரச் செய்தேன்.

தள்ளுகிற எண்ணிக்கையை ஏன் எழுதினேன் என்றால், கணக்கு அப்படித்தான் வந்து நின்றது. பின்சக்கரம் 24 அங்குலம், ஒரு சுற்றுக்கு 1.9 மீட்டர் ஓடும். 10 மீட்டருக்கு ஐந்து சுற்றும் கொஞ்சமும். நான் 19 முறை தள்ளினேன் என்றால் ஒரு தள்ளலுக்கு அரை மீட்டர்தான். கோழி கிளறுவதுபோலச் சின்னச் சின்னதாக ரிம்மை, அதாவது சக்கரத்தின் பக்கத்தில் கையால் தள்ளுகிற வளையத்தை, தட்டிக்கொண்டு போயிருக்கிறேன். மேடம் கைகளைப் பின்னால் கொண்டுபோய் ரிம்மைப் பிடித்து, முன்னால் தொடை வரைக்கும் நீளமாகத் தள்ளிவிட்டு, கையைத் தளரவிட்டுக் கீழ்வழியாகப் பின்னால் கொண்டுவரச் சொல்லிக்கொடுத்தார். வேகம் அப்புறம் வரட்டும், தோள் நாற்பது வருஷம் உழைக்கணும் என்பார். நான்காவது வாரத்தில் 9 தள்ளல், 14 வினாடி. அதற்கப்புறம் எத்தனை வாரம் போனாலும் 9, 9, 8, 9. அந்த வரி அத்தோடு பேச்சை நிறுத்திவிட்டது. சுலபமான அளவு சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதை அந்த நோட்டில்தான் கற்றேன்.

இதற்கு நேர்மாறான ஒரு பையனும் அங்கே இருந்தான். அவனுக்குத் தண்டுவடத்தில் அடிபட்டது கழுத்தில், சி6 என்கிற இடம். விரல் மடங்காது. ரப்பர் சுற்றிய ரிம்மில் உள்ளங்கையை அழுத்தித்தான் தள்ள வேண்டும். மேடமின் பரீட்சைத் தாளில் அவனுக்கு வாரக்கணக்கில் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். அவனுடைய அம்மா அந்தத் தாளைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். தினமும் சாயங்காலம் "இன்னிக்கு ரெண்டரைத் தூணு" என்று என்னிடம் வந்து சொல்வார், நான் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவன் பெயரில் எழுதிவைப்பேன். அந்த அரைத் தூண் எந்தப் பரீட்சையிலும் இல்லை. அவன் கிளம்பும்போது பதினொரு தூண்.

சரி, பரீட்சைக்கு வருகிறேன். கனடாவின் ஹாலிஃபாக்ஸில் உள்ள டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் டாக்டர் லீ கிர்பியும் அவருடைய குழுவும் 1990-களில் உருவாக்க ஆரம்பித்த வீல்சேர் திறன் சோதனை அது. எனக்கு வைத்த பதிப்பில் 32 வரி. முன்னால் போவது, பின்னால் போவது, நின்ற இடத்தில் திரும்புவது, தரையில் கிடப்பதை எடுப்பது, 5 டிகிரி சாய்வில் ஏறி இறங்குவது, பிறகு 10 டிகிரி, மண்ணில் போவது, 2 சென்டிமீட்டர் நிலைப்படி, 15 சென்டிமீட்டர் பள்ளம், 15 சென்டிமீட்டர் நடைபாதைத் திட்டு, பின்சக்கரத்தில் மட்டும் 30 வினாடி நிற்பது, தரையிலிருந்து நாற்காலியில் ஏறுவது, கடைசியில் மாடிப்படி. செய்தால் 2, தட்டுத்தடுமாறிச் செய்தால் 1, முடியாவிட்டால் 0. சோதனை நடக்கும்போது சொல்லித்தரக் கூடாது. நாற்காலியின் அடியில் கட்டிய பட்டையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பின்னால் வருவார், கவிழ்ந்தால் பிடிக்க. உங்கள் நாற்காலியில் இல்லாத பாகத்துக்கான வரியை மொத்தத்திலிருந்தே கழித்துவிடுவார்கள். நேர்மையான கணக்கு. எனக்குப் பிடித்துப்போனது.

ஏழாவது வாரம் எனக்கு 64-க்கு 42. அதே நாளில் எண்ணூர் அண்ணனுக்கும் 64-க்கு 42. அவர் மீனவர். காசிமேட்டில் படகிலிருந்து கரைக்குத் தாவும்போது கருங்கல்லில் விழுந்தவர். வலை இழுத்த தோள். திட்டில் ஏறுவது, தரையிலிருந்து நாற்காலிக்குத் தாவுவது, பின்சக்கரத்தில் நிற்பது என்று என்னால் கனவிலும் முடியாதது எல்லாம் அவருக்கு 2. ஆனால் பின்னால் போகச் சொன்னால் சுவரில் இடிப்பார். எதிரில் ஆள் வந்தால் ஆள்தான் ஒதுங்க வேண்டும், அவர் ஒதுங்க மாட்டார். நாற்காலியை மடிக்கச் சொன்னால் மடியில் மோதிக்கொள்வார். நானோ பின்னால், பக்கவாட்டில், குறுகலில் எல்லாம் ஊசியில் நூல் கோக்கிற மாதிரிப் போவேன், ஆனால் திட்டைப் பார்த்தால் கை நடுங்கும். மொத்தம் மட்டும் அச்சாக ஒன்று. "தங்கச்சியும் நானும் ஒரே மார்க்கு" என்று வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆபீஸில் எங்கள் மேனேஜர் மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார், எனக்கு அப்போதெல்லாம் வயிற்றைக் கலக்கும். அதே கலக்கம்தான் இங்கேயும்.

மற்ற ஊர்க்காரர்கள் வேறு மாதிரி அளக்கிறார்கள். நெதர்லாந்தில் எட்டு வேலைகளை வரிசையாகச் செய்யவைத்து, செய்தாயா என்பதோடு எத்தனை வினாடி, இதயம் எவ்வளவு வேகமாக அடித்தது என்பதையும் எழுதுவார்களாம். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்துக்காரர்கள் ஐந்தே ஐந்து வேலை வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்று ஆறு நிமிஷம் விடாமல் தள்ளுவது. மூச்சு வாங்குவதை எழுதுகிற யோசனையை அவர்களிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன். பரீட்சைத் தாளில் 2 என்று இருக்கும், மேலே ஏறிய பிறகு பத்து நிமிஷம் பேச்சு வராது.

நவம்பர் கடைசியில் மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான மரப்பாதை திறந்ததை வார்டு டிவியில் பார்த்தோம். ஆளுக்கு ஆள் எத்தனை மீட்டர், என்ன சாய்வு என்று விவாதம். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மாண்டஸ் புயல் அதைப் பிய்த்துப் போட்டது. அப்புறம் சரிசெய்தார்கள். எண்ணூர் அண்ணன் மட்டும் அன்று சிரித்தார்: "கடலு ஓரமா மரத்தப் போட்டா, கடலு எனக்கான்னு கேக்காதா?"

பின்சக்கரத்தில் நிற்பதைப் பற்றி எழுதாமல் இந்தக் கட்டுரை நகராது. வீலி என்கிறோம். வித்தை காட்டுவதற்காக இல்லை. வீல்சேரின் முன்சக்கரம் உள்ளங்கை அகலம்தான் இருக்கும். மழைநீர் வடிகாலின் மூடிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் அது விழுந்தால் நாற்காலி அங்கேயே நிற்கும், நாம் மட்டும் முன்னால் போவோம். அதனால் முன்சக்கரத்தைத் தூக்கத் தெரிய வேண்டும். சக்கரத்தைக் கொஞ்சம் பின்னால் உருட்டிச் சட்டென்று முன்னால் தள்ளினால் முன்பக்கம் எழும்பும். எழும்பியதும் மனசு முன்னால் சாயச் சொல்லும், சாய்ந்தால் விழுந்துவிடும். முதுகைச் சாய்மானத்தில் ஒட்டிவைத்து, தலையைப் பின்னால் கொடுத்து, கையைச் சக்கரத்தில் இலேசாக வைத்துக் காத்திருக்க வேண்டும். முன்னால் விழப்போனால் முன்னால் உருட்டு, பின்னால் விழப்போனால் பின்னால் உருட்டு. நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அங்கே நாற்காலிக்கு எடையே இல்லாதது போல இருக்கும். அந்த இடத்தை முதல் முறை தொட்டபோது மேடம் பட்டையை விட்டுவிட்டார் என்று நினைத்துக் கத்தினேன். விடவில்லை, பட்டை தளர்ந்துதான் கிடந்தது. நோட்டில் அன்றைக்கு எழுதியிருப்பது: 3 வினாடி. மறுநாள் 2. அதற்கு மறுநாள் 11.

மேடம் வேலூரில் படித்தவர். ஏதாவது முடியாது என்று நாங்கள் மூக்கைச் சிந்தினால் டாக்டர் மேரி வர்கீஸ் கதையை எடுப்பார். 1954-ல் கார் விபத்தில் தண்டுவடம் போனது. அதற்குப் பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவானதே அவரால்தான். மூன்றாவது தடவை அதே கதையைச் சொன்னபோது, "மேடம், அவங்களுக்கு எத்தனை மார்க் போட்டிருப்பீங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாடிப்படி பூஜ்யம்தான்" என்றார்.

கிளம்பும்போது 64-க்கு 49. திட்டு ஏறியதற்கு 1, தட்டுத்தடுமாறி.

இப்போது அம்மா கேட்ட 61. அது இன்னொரு அளவுகோல், ஸ்கிம் என்று சுருக்கிச் சொல்வார்கள். இஸ்ரேலில் டாக்டர் அமிராம் காட்ஸ் குழு 1997-ல் வெளியிட்டது, தண்டுவட பாதிப்பு உள்ளவர்களுக்கென்றே செய்தது. குளிப்பது, உடுப்பது, சாப்பிடுவதற்கு 20. மூச்சு, சிறுநீர், மலம், கழிப்பறைக்கு 40. நகர்வதற்கு 40. எனக்கு 17, 28, 16. அதில் நகர்கிற பகுதியை வீட்டுக்கு வந்த பிறகுதான் சாவகாசமாகப் படித்தேன். வீட்டுக்குள், 10 முதல் 100 மீட்டர் வரை, 100 மீட்டருக்கு மேல் என்று மூன்று வரி. ஒவ்வொன்றுக்கும் 8. வீல்சேரில் யார் உதவியும் இல்லாமல் போகிறவருக்கு அதில் 2. மூன்றிலிருந்து எட்டு வரைக்கும் எல்லாம் நடக்கிறவர்களுக்கு. பாராலிம்பிக்கில் வீல்சேர் ரேஸ் ஓடித் தங்கம் வாங்கி வந்தாலும் அந்த மூன்று வரியில் எனக்கு 24-க்கு 6-க்கு மேல் கிடையாது. அளவுகோலைக் குறை சொல்லவில்லை. ஒருவர் எவ்வளவு தூரம் மற்றவரை நம்பி இருக்கிறார் என்று பார்ப்பதற்காகச் செய்தது அது, அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. ஆனால் வார்டில் நான் பட்ட பாடு, அந்தத் தூண்கள், வீலி, திட்டு, இது எதுவும் அந்தத் தாளில் வராது. அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் அந்தத் தாளில் இல்லை.

வீட்டில் வேறு கணக்கு காத்திருந்தது. தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு பத்தடி அகலம். வாசல்படி 7 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 18 சென்டிமீட்டர். நான் பழகியது 15. மூன்று சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். தெருவில் ஓடிவந்து ஏறுவதற்கு இடம் இல்லை, எதிர் வீட்டு பைக் நிற்கிறது, படியின் விளிம்பு உடைந்திருக்கிறது. முதல் வாரம் முயன்றேன், முன்சக்கரம் ஏறியது, பின்சக்கரம் முரண்டு பிடித்தது. தம்பி பின்னால் இருந்து தூக்கி விட்டான். "விடுக்கா, நான்தான் இருக்கேனே" என்றான். அவன் இருந்தான். ஐந்து மாதம் இருந்தான். அவன் வேலைக்குப் போகும் முன்னால், வந்த பின்னால் என்று என் வெளியுலகம் அமைந்தது. அப்புறம் அதுவும் எதற்கு, வெயில் வேறு, ரிம் சுடுகிறது என்று வெளியே போவதையே விட்டேன்.

ஜூன் மாதம் மேடம் போன் செய்தார். அதே 32 வரிதான், ஆனால் இந்த முறை செய்துகாட்ட வேண்டாம், கேள்விக்குப் பதில் சொன்னால் போதும். ஒவ்வொரு வரிக்கும் மூன்று கேள்வி. செய்ய முடியுமா? எவ்வளவு நம்பிக்கையோடு? எவ்வளவு அடிக்கடி செய்கிறீர்கள்?

முதல் கேள்விக்கு எல்லாம் டகடகவென்று சொன்னேன். 100 மீட்டர்? முடியும். 5 டிகிரி சாய்வு? முடியும். மூன்றாவது கேள்விக்கு "செய்யறதில்ல" என்றேன். அடுத்த வரி, "செய்யறதில்ல." அதற்கடுத்த வரி. பன்னிரண்டாவது தடவை சொல்லும்போது எனக்கே குரல் இறங்கிவிட்டது. மேடம் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த வரிக்குப் போனார். பேங்கில் பணம் இருக்கும், இரண்டு வருஷம் போடவும் இல்லை எடுக்கவும் இல்லை என்றால் அதைச் செயல்படாத கணக்கு என்று தனியாக ஒதுக்கிவிடுவார்கள். இருப்பு 49, நடமாட்டம் பூஜ்யம்.

அன்று ராத்திரி நோட்டை எடுத்தேன். முடியும் முடியாது என்ற கட்டத்தை அடித்துவிட்டு, 'இந்த வாரம் எத்தனை தடவை' என்று ஒரு கட்டம் போட்டேன். அதற்குப் பக்கத்தில் 'கை' என்று ஒன்று. நாற்காலியைத் தொட்ட அடுத்தவர் கைகள் எத்தனை. நான் கேட்டுத் தொட்டதற்கு ஒரு கோடு, கேட்காமல் தொட்டதற்குக் குறுக்கே வெட்டிய கோடு.

வாசல்படிக்குப் பலகை போடலாம் என்று தெருமுனை ஆசாரியைக் கூப்பிட்டோம். சரியான சாய்வு ஒன்றுக்குப் பன்னிரண்டு, அதாவது ஒரு அங்குலம் ஏற ஒரு அடி நீளம். 7 அங்குலத்துக்கு 7 அடி நீளம். பத்தடித் தெருவில் 7 அடிப் பலகை போட்டால் அந்தத் தெருவில் எனக்குக் கடைசி நாள் அதுதான். மூன்றரை அடிக்குச் செய்தார். ஒன்றுக்கு ஆறு, பத்து டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது பரீட்சைத் தாளில் எனக்கு 1 விழுந்த வரி. பலகையைப் போடவும் எடுக்கவும் ஒரு ஆள் வேண்டியிருந்தது, 'கை' கட்டத்தில் தினமும் இரண்டு கோடு. ஒரு மாதம் கழித்து ஆசாரியே யோசனை சொன்னார். நிலைப்படியில் கீல் வைத்து, பலகை நுனியில் நைலான் கயிறு கட்டினார். உள்ளே இருந்து கதவைத் திறந்து பலகையைச் சாய்த்து இறக்கினால் தெருவில் படுக்கும். இறங்கி, திரும்பி, கயிற்றை இழுத்தால் எழுந்து கதவோடு நிற்கும். கயிறு பிடிக்கக் கொக்கி ஒன்று. அதற்கு அவர் கூலி வாங்கவில்லை, டீ மட்டும் குடித்தார்.

பால் பூத்துக்கு 140 மீட்டர். முதல் நாள் 163 தள்ளல், மூன்று நிற்றல், நான்கு கை. அதில் மூன்று குறுக்குக் கோடு. உதவி என்று வருகிறவர்களைத் திட்ட மனசு வராது. ஆனால் ஒருத்தர் பின்னாலிருந்து திடீரென்று வேகமாகத் தள்ளியதில் என் கட்டைவிரல் ஸ்போக்கில் சிக்கி நகம் போனது. இப்போது எங்கள் தெரு முனைப் பூக்காரம்மா கற்றுக்கொண்டுவிட்டார். "இன்னா கண்ணு, கை வெக்கட்டா, வேணாவா?" என்று கேட்டுவிட்டு நிற்பார். வேண்டாம் என்றால் பூ கட்டுவார்.

ஒரு ஏடிஎம் வாசலில் சாய்தளம் இருப்பதாகத் தம்பி சந்தோஷமாக வந்து சொன்னான். டேப் எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். உயரம் 30 சென்டிமீட்டர், நீளம் 150. ஒன்றுக்கு ஐந்து. 3.6 மீட்டர் இருந்திருக்க வேண்டியது. அதில் ஏறினால் பணம் எடுக்கலாம், இறங்கும்போது பணத்தோடு ரோட்டுக்குப் போய்விடலாம். மெட்ரோ பரவாயில்லை. 2021-ல் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரைக்கும் 9 கிலோமீட்டர் நீட்டினார்களே, அதில் தண்டையார்பேட்டை தரைக்கடியில் இருக்கிறது. லிப்டில் இறங்கி, பெட்டியில் ஏறி, திருவொற்றியூர் தேரடியில் லிப்டில் இறங்கினால் வடிவுடையம்மன் கோவில் பக்கம். ரயிலில் ஏறுவது இறங்குவது எல்லாம் 'கை' பூஜ்யம். லிப்டிலிருந்து ரோட்டுக்கு வருகிற கடைசி இருபது மீட்டர்தான் நோட்டில் அதிக இடத்தை அடைக்கிறது.

நோட்டில் எனக்கு வெட்கமான பக்கம் ஒன்று உண்டு. பரீட்சையில் 'பிட்டத்தின் அழுத்தத்தைக் குறைப்பது' என்று ஒரு வரி. கையை ஊன்றி உடம்பைத் தூக்கிக் காட்டினால் போதும். ஆரம்பத்திலிருந்தே எனக்கு அதில் 2. அதே வருஷம் செப்டம்பரில் எனக்குப் படுக்கைப் புண் வந்தது, வலது பக்கம், ஐம்பது பைசா அளவு. உணர்வில்லாத இடம், அம்மா பார்த்துச் சொன்னபிறகுதான் தெரியும். தூக்கத் தெரியும், ஆனால் தூக்கவில்லை. டியூஷன் பிள்ளைகளுக்கு அக்கவுண்டன்சி சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் மூன்று மணி நேரம் அப்படியே. தூக்கினாலும் பத்து வினாடியில் உட்கார்ந்துவிடுவேன். அமுங்கின சதைக்கு ரத்தம் திரும்பிவரக் கிட்டத்தட்ட இரண்டு நிமிஷம் வேண்டும் என்றும், அவ்வளவு நேரம் கையூன்றி நிற்க யாராலும் முடியாது, முன்னால் குனிந்து மார்பைத் தொடையில் சாய்த்து இருக்க வேண்டும் என்றும் நர்ஸ் சொன்னார். ஐந்து வாரம் குப்புறப் படுத்தேன். 2 மார்க் வாங்கிய வரியில்தான் நான் ஃபெயில் ஆனேன். இப்போது அரை மணிக்கு ஒரு தடவை போன் அலாரம் அடிக்கும். பிள்ளைகளுக்கே பழகிவிட்டது, "மிஸ், குனிங்க" என்பார்கள்.

டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளம். எங்கள் வீட்டில் முழங்கால் தண்ணீர், நாற்காலியைக் கட்டில்மேல் ஏற்றி வைத்தும் சக்கரம் நனைந்தது. மணலி பக்கத்திலிருந்து எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியதும் அப்போதுதான். எண்ணூர் அண்ணனின் நாற்காலி, தம்பியின் படகு, எல்லாம் கறுப்பு. தண்ணீர் வடிந்து பத்து நாள் கழித்துப் பால் பூத்துக்குப் போனேன். 120 தள்ளலில் போய்க்கொண்டிருந்தவளுக்கு 188. எனக்குத் தோள் போய்விட்டது, உடம்பு போய்விட்டது என்று ராத்திரி அழுதேன். காலையில் சைக்கிள் கடை அண்ணன் முன்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். பேரிங் முழுக்கச் சேறு. கழற்றிக் கழுவிக் கிரீஸ் போட்டு, டயருக்குக் காற்று அடித்தார். 124. அன்றிலிருந்து ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் எந்த நாற்காலி, எப்போது காற்று அடித்தது என்று எழுதுகிறேன், வவுச்சர் நம்பர் மாதிரி. மனுஷி மேல் எழுத வேண்டியது எது, இரும்பின் மேல் எழுத வேண்டியது எது என்று பிரிக்காமல் கூட்டினால் அது கணக்கே இல்லை. வார்டில் தள்ளிய நாற்காலி இருபது கிலோவுக்குப் பக்கம். இப்போது இருப்பது பன்னிரண்டு கிலோ, பின்சக்கரத்தைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி மாட்டியது. அது வந்த வாரம் வீலி 14 வினாடியிலிருந்து 30-க்குத் தாவியது. அதில் எனக்கு எவ்வளவு, நாற்காலிக்கு எவ்வளவு என்று இன்னும் பிரிக்க முடியவில்லை. இரண்டு பேர் பெயரிலும் எழுதி வைத்திருக்கிறேன்.

இப்போது ஓடுவது மூன்றாவது நோட்டு. தரையிலிருந்து நாற்காலிக்கு ஏறுகிற வரி இன்னமும் 0. எண்ணூர் அண்ணன் வாரம் ஒருமுறை வீடியோ காலில் வந்து, தான் ஏறுவதைக் காட்டுகிறார், "பார்த்தியா, அவ்ளோதான்" என்கிறார். அவ்ளோதான் இல்லை அது.

போன மாதம் எங்கள் தெருவில் புது ரோடு போட்டார்கள். பழையதைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே தாரைக் கொட்டி உருட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையில் பலகையை இறக்கினேன், வழக்கத்தைவிட முன்னாடியே 'டொக்' என்று தரை தட்டியது. டேப் வைத்துப் பார்த்தேன். வாசல்படி 5 அங்குலம். பதின்மூன்று சென்டிமீட்டர்கூட இல்லை. பலகையைத் தூக்கிக் கதவோடு சாய்த்துவிட்டு, தெருவில் நான்கடி பின்னால் போய், முன்சக்கரத்தைத் தூக்கி, படியில் வைத்து, குனிந்து தள்ளினேன். பின்சக்கரம் ஒரு தடவை யோசித்துவிட்டு ஏறியது. உள்ளே வந்து நோட்டை எடுத்தேன். வாசல்படி, பலகை இல்லாமல்: 2. கை: 0. காரணம் என்ற கட்டத்தில் 'ரோடு' என்று எழுதினேன்.

அம்மா வாசலில் நின்று புதுத் தாரையும் நிலைப்படியையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு அங்குலம் ஏத்திட்டானுங்களே, ஐப்பசி மழைக்குத் தண்ணி நேரா அடுப்பாங்கரைக்கு வரும்டீ" என்றார். அளந்து பார்த்தேன். வரும்.